திருகோணமலையில் கமராவோடு ஒரு நாள்: அலையைப் படம் பிடிப்பது எப்படி

திருகோணமலைக் கடலைப் பார்க்க எப்போது வரலாம் என்று யாரைக் கேட்டாலும் மே முதல் செப்டெம்பர் வரை என்பார்கள். குளிக்க வருகிறவர்களுக்கு அது சரிதான். கச்சான் காற்று மேற்கே இருந்து தரையைத் தாண்டி வீசும் அந்த மாதங்களில் உப்புவெளியிலும் நிலாவெளியிலும் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், சின்னப் பிள்ளைகள்கூட இடுப்பளவு தண்ணீரில் நின்று விளையாடுவார்கள். அலையைப் படம் எடுக்க வருகிறவருக்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. நீங்கள் வர வேண்டியது நவம்பர் நடுப்பகுதியில் இருந்து ஜனவரி முடியும் வரை, வாடைக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து நேரே நம் கரையில் வந்து மோதும் காலத்தில். விடுதிகள் வெறுமையாக இருக்கும், மழை பெய்யும், ஊர்க்காரர்கள் "இப்ப ஏன் வந்தனீங்கள், கடல் அடிக்குது" என்பார்கள். நமக்கு அந்தக் கடல்தான் வேண்டும்.

இணையத்தில் அலைப்படம் பற்றித் தேடினால் வரும் வழிகாட்டிகளில் கணிசமானவை ஸ்கொட்லாந்து மாதிரியான அத்லாந்திக் கரைகளுக்கு எழுதியவை. நானும் அவற்றைப் படித்துத்தான் தொடங்கினேன், நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் இரண்டு விஷயத்தில் அவை நம் கரைக்குப் பொருந்தாது. ஒன்று, கடலின் ஏற்ற இறக்கம். ஸ்கொட்லாந்தில் பல இடங்களில் கடல் ஒரு நாளிலேயே 4 மீற்றருக்கு மேல் ஏறி இறங்கும், அதனால் ஏற்ற இறக்க அட்டவணை இல்லாமல் அங்கே யாரும் கரைக்குப் போக மாட்டார்கள். இங்கே அது ஒரு மீற்றர்கூட இல்லை. நாம் பார்க்க வேண்டியது காற்றையும் அலையையும்தான். இரண்டாவது, வெளிச்சம். டிசம்பரில் எடின்பரோவில் நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேலே 10, 11 பாகை உயரத்தில்தான் நிற்கும், பகல் முழுக்க நம் காலை ஏழு மணி வெயில் மாதிரியே சாய்வான வெளிச்சம் கிடைக்கும். அதே நாளில் திருகோணமலையில் நண்பகல் சூரியன் 58 பாகை உயரத்தில் நிற்கும், அதோடு ஏறுவதும் செங்குத்தாக ஏறும். சூரியன் எழுந்து முக்கால் மணி நேரத்தில் காலை வெளிச்சம் முடிந்துவிடும். அதனால் ஒரே நாளில் ஏழு இடம் ஓட நினைக்காதீர்கள். காலையில் ஓர் இடம், பின்னேரம் ஓர் இடம், நடுவில் கோணேசர் கோயில் மலை, அது போதும்.

எந்த நாள் புறப்படுவது என்பதைத்தான் அதிகம் யோசிக்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பகுதிகளுக்கென்று தனியாக அறிக்கை தருகிறது. காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம், கடல் எப்படி இருக்கும் என்று அதில் இருக்கும். அதோடு போனில் காற்றும் அலையும் காட்டும் செயலி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். செயலியில் எல்லோரும் அலையின் உயரத்தை மட்டும்தான் பார்க்கிறார்கள், அதன் பக்கத்தில் செக்கனில் ஓர் எண் இருக்கும், ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையிலான நேரம், நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்த எண் 5 என்றால் கடல் கலைந்து கொதிக்கும், எங்கு பார்த்தாலும் நுரை, எந்த அலைக்கும் உருவம் இருக்காது. 8, 9 என்றால் அலைகள் வரிசையாக, ஒவ்வொன்றும் முழு உருவத்தோடு வரும். இரண்டு மீற்றர் உயரமும் 9 செக்கனும் உள்ள நாள், மூன்று மீற்றரும் 5 செக்கனும் உள்ள நாளைவிடப் படத்துக்கு எவ்வளவோ மேல்.

இன்னொன்று, காற்று உச்சத்தில் இருக்கும் நாளில் போகாதீர்கள். கடலில் இருந்து கரைக்கு வீசும் காற்று அலையின் முதுகைத் தள்ளி, அது நிமிர்வதற்கு முன்பே உடைத்துவிடும். காற்று விழுந்த மறுநாள் காலை, அதுதான் நாள். காற்று நின்றாலும் அலை உடனே நிற்காது, தூரத்தில் கிளம்பிய அலை இன்னும் வந்துகொண்டே இருக்கும். விடியற்காலையில் தரையில் இருந்து கடலுக்கு மெல்லிய காற்றும் இருந்தால் அலை நிமிர்ந்து நின்று, உச்சியில் இருந்து நீர்த்தூள் பின்னோக்கிப் பறக்கும். ஒரு பருவத்தில் இப்படி நாலைந்து காலைதான் எனக்கு வாய்க்கிறது. பெருமழை பெய்து மகாவலி பெருகி கொட்டியாரக்குடாவுக்குள் விழும் நாட்களில் நகரத்துப் பக்கத் தண்ணீரும் சில வேளை மண்ணிறமாகிவிடும். அப்போது இரண்டு மூன்று நாள் பொறுங்கள், அல்லது நேரே வடக்கே குச்சவெளிப் பக்கம் போய்விடுங்கள்.

தாழமுக்கம், சூறாவளி என்று எச்சரிக்கை வந்திருந்தால் வீட்டில் இருங்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி சூறாவளி திருகோணமலைக்கு வடக்கேதான் கரை கடந்தது. 2004 டிசம்பர் 26 இந்தக் கரையில் என்ன செய்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இங்கே ஒவ்வொரு கடற்கரைக் கிராமத்திலும் கடலுக்கு ஆட்களைக் கொடுத்த வீடு உண்டு. கமராவோடு போய்க் கடலைப் பார்த்து ஆர்ப்பரிப்பதற்கு முன் அதை மனதில் வைத்திருங்கள்.

பையில் என்னென்ன? மாற்று லென்ஸ் உள்ள கமரா என்றால் 70-200 அல்லது 100-400 மாதிரி ஒரு தூர லென்ஸ், கூட ஓர் அகல லென்ஸ். கரையில் நின்று லென்ஸ் மாற்றவே கூடாது, உப்புத் தூள் உள்ளே போனால் பிறகு அழுதும் பயனில்லை. எதைப் போடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்யுங்கள், ஒன்றுதான் என்றால் தூர லென்ஸ். அகல லென்ஸில் மூன்று மீற்றர் அலையும் முழங்கால் உயரமாகத்தான் தெரியும். லென்ஸைக் காக்க முன்னால் ஒரு சாதாரண யூவி பில்டர், பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஒன்று, ஷட்டரை மெதுவாக்க 6 ஸ்டொப் என்டி பில்டர் (வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி, ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) ஒன்று. நாலைந்து மெல்லிய துணி, ஒரு சின்னப் போத்தல் நல்ல தண்ணீர். லென்ஸில் உப்புத்தூள் பட்டால் காய்ந்த துணியால் தேய்க்காதீர்கள், உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி எடுத்து, அப்புறம் காய்ந்த துணி. கமராவை மூட ஒரு பெரிய பொலித்தீன் பையும் இரண்டு ரப்பர் பாண்டும் போதும், லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி மாட்டுங்கள். ஏசி அறையில் தங்குகிறவர்கள் இரவே கமராவை மூடிய பைக்குள் வைத்து, வெளியே வந்து அரை மணி நேரம் கழித்துத்தான் திறக்க வேண்டும், இல்லாவிட்டால் லென்ஸ் முழுக்க ஆவி படிந்து சூரியன் எழும் நேரம் முழுவதும் துடைப்பதிலேயே போய்விடும். உங்களுக்கு ஒரு துவாய், மாற்றுச் சாரம் அல்லது காற்சட்டை, பின்னால் வார் உள்ள செருப்பு.

போன் மட்டும்தான் இருக்கிறதா? தாராளமாக வாருங்கள். ப்ரோ மோட் (எல்லாவற்றையும் கையால் அமைக்கும் முறை) இருந்தால் ஷட்டர் வேகத்தை நீங்களே வையுங்கள், இல்லாவிட்டால் அலையின் வெள்ளைப் பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைப் பூட்டிக்கொண்டு தொடர்ச்சியாகப் படம் எடுக்கும் வசதியால் எடுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்காதீர்கள், போனில் உள்ள தூர லென்ஸ் எவ்வளவோ அவ்வளவுதான். தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி68 என்று போட்டிருப்பதை நம்பி அலைக்குள் இறக்கவும் வேண்டாம், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்தது.

சரி, காலை. டிசம்பர் கடைசியில் சூரியன் 6.18 அளவில் எழும், ஜனவரி நடுவில் 6.23, நவம்பர் நடுவில் 6 மணிக்குச் சற்று முன்பே. நீங்கள் 5.30க்கு டச்சு பே கரையில் நிற்க வேண்டும். நகரத்துக்குள்ளேயே இருக்கிற கரை, பஸ் நிலையத்தில் இருந்து நடந்தே வரலாம். இடது பக்கம் கோட்டையும் கோணேசர் மலையும், முன்னால் திறந்த கடல். டிசம்பரில் சூரியன் நேர்க் கிழக்கில் எழாது, 23, 24 பாகை தெற்கே தள்ளி எழும், தெற்கு முனை மறைக்கிற மாதிரி இருந்தால் கோட்டைப் பக்கம் நகர்ந்து நில்லுங்கள். அந்தத் தெற்கு முனைப் பக்கம் கடற்படைப் பகுதி, தூர லென்ஸை அங்கே திருப்ப வேண்டாம். ட்ரோனும் வேண்டாம், இந்த நாட்டில் அதற்கு முன் அனுமதி வேண்டும், இந்த ஊரில் இன்னும் கவனம் வேண்டும்.

வந்தவுடன் கமராவை எடுக்காதீர்கள். இருபது நிமிடம் சும்மா நின்று பாருங்கள். நான் சொல்வதில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதென்றால் இதைக் கடைப்பிடியுங்கள். கடல் ஒரே மாதிரி அடிப்பதில்லை, சின்னச் சின்னதாகக் கொஞ்ச நேரம் வரும், பிறகு நாலைந்து பெரிய அலைகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும், பிறகு மறுபடி அடங்கும். அந்தக் கூட்டம் எத்தனை நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது, அதில் எத்தனையாவது பெரியது, எந்த இடத்தில் முதலில் மடிகிறது, மிகப் பெரியது மணலில் எதுவரை ஏறி வருகிறது, இதெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தால்தான் தெரியும். ஓர் அலை தன் உயரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஆழத்துக்கு வந்ததும் உடையத் தொடங்கும். அடியில் மணல்திட்டு இருக்கும் இடத்தில் அது எப்போதும் ஒரே கோட்டில்தான் உடையும். அந்தக் கோடு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. அந்தக் கோட்டில் போகஸைக் கையால் வைத்து அப்படியே விட்டுவிடுங்கள், நுரைக்குள் கமராவின் ஆட்டோபோகஸ் தடுமாறும்.

சூரியன் எழுவதற்கு முந்திய இருபது நிமிடம் நீல வெளிச்சம். அப்போது ட்ரைபொட்டில் (முக்காலியில்) வைத்து ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு) 11, ஷட்டர் அரை செக்கன் முதல் ஒரு செக்கன் வரை. அலை ஏறும்போது எடுக்காதீர்கள், திரும்பும்போது எடுங்கள், நுரை மணலில் வெள்ளைக் கோடுகளாக நீண்டு விழும். ஐந்து பத்து செக்கன் வைத்தால் கடல் பனிமூட்டம் மாதிரி ஆகிவிடுகிறது. பலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது, அதில் வாடைக்கடல் தெரிவதில்லை. ட்ரைபொட்டின் கால்களை மணலுக்குள் நன்றாக அமுக்கி வையுங்கள், ஒவ்வோர் அலை திரும்பும்போதும் காலடி மணலை அரித்துக்கொண்டு போகும்.

சூரியன் மேலே வந்ததும் ட்ரைபொட்டை மடித்துவிடலாம். இப்போது ஷட்டர் 1/1000 செக்கனைவிட மெதுவாகப் போகக் கூடாது, நீர்த்துளி ஒவ்வொன்றும் நிற்க வேண்டுமென்றால் 1/1600 அல்லது 1/2000. எஃப் 8, ஐஎஸ்ஓ தேவைக்கேற்ப. நுரையின் வெள்ளை எரிந்துவிடாமல் வெளிச்சத்தை மூன்றில் இரண்டு ஸ்டொப் குறையுங்கள், ரோ கோப்பாக (கமரா சுருக்காத முழுத் தரவாக) எடுங்கள், இருண்ட பகுதியைப் பிறகு தூக்கலாம், எரிந்த வெள்ளையை யாராலும் மீட்க முடியாது. சூரியனை நேரே பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நில்லுங்கள். அலை நிமிர்ந்து மெலியும்போது அதன் மேல் விளிம்புக்குப் பின்னால் இருந்து வெயில் ஊடுருவும். அடியில் கரும்பச்சை, நடுவில் பாசிப்பச்சை, உச்சியில் கிட்டத்தட்டக் கண்ணாடி. அந்தக் கண்ணாடிக்குள் அடியில் இருந்து இழுபட்டு வந்த மணல் சுருள் சுருளாக மேலே ஏறுவது தெரியும். கண்ணுக்கு அது அரைச் செக்கன்கூட இல்லை. சென்ற ஜனவரியில் ஒரு காலை அப்படி ஓர் அலைக்குள் சின்ன மீன்கள் கூட்டமாக, வெயிலில் வெள்ளி ஊசிகள் மாதிரித் திரும்புவதைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கண்டேன். அலை மடிந்த பிறகு பட்டனை அழுத்தினால் இதெல்லாம் கிடைக்காது. உச்சி வளையத் தொடங்கும் முன்பே அழுத்தத் தொடங்கி, விழுந்து முடியும் வரை விடாதீர்கள்.

ஏழேகாலுக்கு வெளிச்சம் கடினமாகிவிடும். போய் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, பிளேன்டி ஒன்று குடித்துவிட்டு எட்டரை, ஒன்பதுக்கு மலைக்கு ஏறுங்கள். 1624இல் போர்த்துக்கேயர் கட்டிய கோட்டைக்கு ஊடாகத்தான் வழி, இப்போதும் உள்ளே இராணுவம் இருக்கிறது, முகாம் பக்கம் கமராவைத் தூக்காமல் நடந்துவிடுங்கள். மான்கள் வந்து பையை முகர்ந்து பார்க்கும். கோயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், மூலஸ்தானத்தைப் படம் எடுக்கக் கூடாது, ஐயர் பூசையில் இருக்கும்போது நடுவில் போய் நிற்கவும் கூடாது. கும்பிட்டுவிட்டு இராவணன் வெட்டு எனும் பாறைப் பிளவின் பக்கம் வந்து கைபிடிச் சுவருக்கு உள்ளே நின்று கீழே பாருங்கள். மேலே இருந்து பார்க்கும்போது அலைக்கு உயரம் இல்லை, கோலம்தான் இருக்கிறது. பாறையில் அடித்துத் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் ஒன்றையொன்று வெட்ட, நுரை வலை மாதிரி விரிந்து கலைவதை மேலிருந்து மட்டும்தான் எடுக்க முடியும். தூர லென்ஸில் போலரைசரை மாட்டித் திருப்பினால் மேற்பரப்பின் பளபளப்புப் போய் நீலத்தின் ஆழம் தெரியும். இங்கே 1/8 செக்கனிலும் சில படங்கள் எடுத்துப் பாருங்கள், பாறை அசையாமல் நிற்க நுரை மட்டும் நூலாக ஓடும்.

அந்த நுரைக்கு அடியில்தான் இடிக்கப்பட்ட பழைய கோயிலின் கற்கள் கிடக்கின்றன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு மூழ்கிய மைக் வில்சனும் மூழ்கித் தேடியபோது அவற்றைக் கண்டார்கள். அதை அறிந்த பிறகு அந்த இடத்தில் அலை உடைவதை என்னால் வேறு மாதிரிப் பார்க்க முடிவதில்லை.

நண்பகலில் படம் எடுக்க வேண்டாம். காலையில் எடுத்ததை ஒரு முறை பார்த்து, லென்ஸைத் துடைத்து, பற்றரியை ஏற்றிக்கொண்டு புல்மோட்டை வீதியால் வடக்கே போங்கள். நிலாவெளியில் நிற்கலாம், பின்னணியில் புறாத்தீவு வரும்படி வைத்தால் அலைக்கு ஓர் அளவு கிடைக்கும், அதற்கு அந்தத் தீவுக்குப் போக வேண்டியதில்லை, இந்தக் கடலில் படகு கேட்கவும் வேண்டாம். நேரம் இருந்தால் இறக்கக்கண்டிப் பாலம் தாண்டி, நகரத்தில் இருந்து சுமார் 35 கிலோமீற்றர், குச்சவெளி. அங்கே கடலுக்குள் நீளும் கற்பாறை முனை இருக்கிறது. குடாவுக்குள் போகும் அலை விரிந்து அடங்கும், முனைக்கு வரும் அலை இரு பக்கமும் வளைந்து அதிலேயே வந்து குவியும். அதனால் அதே கடலில் அங்கே அடி பெரிது.

பின்னேரம் வெளிச்சம் தலைகீழ். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம், அலை முகத்தில் நேரே விழும். காலையின் கண்ணாடிப் பச்சை கிடைக்காது, பதிலாக வேறொன்று கிடைக்கும். மூன்று மணிக்குப் பிறகு சூரியன் 40 பாகைக்குக் கீழே இறங்கியதும், பாறையில் அடித்து மேலே தெறிக்கும் நீர்த்தூளில் வானவில் விழும். உங்கள் நிழலின் தலை எங்கே விழுகிறதோ அதற்கு நேரே, அதைச் சுற்றி 42 பாகை தள்ளித்தான் அது தோன்றும், ஆகவே எந்தப் பாறையில் தெறித்தால் நிறம் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அங்கே போகஸ் வைத்துக் காத்திருங்கள். இந்த ஒரு படத்துக்கு மட்டும் போலரைசரைக் கழற்றிவிடுங்கள், கோணம் தவறினால் அது வானவில்லையே அழித்துவிடும்.

பாறையில் நிற்பது பற்றி. முதல் தடவை நான் அங்கே போனபோது, அலை எட்டாது என்று நினைத்த இடத்தில் ட்ரைபொட்டை வைத்துவிட்டு ஐந்து அடி தள்ளிப் பையைத் திறக்கக் குனிந்தேன். சத்தம் கேட்டுத் திரும்பியபோது ட்ரைபொட் இல்லை, முழங்கால் வரை தண்ணீர். கமரா கழுத்தில் இருந்ததால் தப்பியது. வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, "தம்பி, கல்லப் பாருங்க. காஞ்ச கல்லில நில்லுங்க, ஈரக் கல்லு கடலுட கல்லு" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் அளவு. மழை பெய்து எல்லாக் கல்லும் ஈரமாக இருந்தால் பாறைக்கே இறங்குவதில்லை, மணலில் நின்று தூர லென்ஸில் எடுப்பேன். கறுத்த பாசி பிடித்த கல்லில் கால் வைக்கவே கூடாது. கடலுக்கு முதுகு காட்டி நிற்காதீர்கள், திரையைப் பார்ப்பதென்றால் பின்னால் வந்து பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒருவர் எடுக்கும்போது மற்றவர் கடலைப் பார்க்கட்டும். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காமல் கயிறோ வெறும் பிளாஸ்டிக் கானோ எறிந்துவிட்டு ஆட்களைக் கூப்பிடுங்கள்.

ஆறு மணியளவில் சூரியன் தரைக்குப் பின்னால் மறையும். உடனே கிளம்பிவிடாதீர்கள். மேகம் இருந்தால் கிழக்கு வானமும் சிவக்கும், பத்து நிமிடம் நுரை முழுவதும் இளஞ்சிவப்பாக நிற்கும், 1/4 செக்கன், கமராவை அலையோடு சேர்த்துப் பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தி எடுங்கள். பத்தில் ஒன்பது வீணாகும், பரவாயில்லை.

அறைக்கு வந்ததும் எவ்வளவு களைப்பாக இருந்தாலும் கழுவும் வேலையை நாளைக்கு வைக்காதீர்கள். ட்ரைபொட்டின் கால்களை முழுவதும் இழுத்து, பூட்டுகளைத் தளர்த்தி, வாளி நல்ல தண்ணீரில் அலசி, தலைகீழாகச் சாய்த்து வையுங்கள். கமராவையும் லென்ஸையும் ஈரத்துணியால் துடைத்து, பட்டன்களின் ஓரம், லென்ஸ் வளையம், ட்ரைபொட் மாட்டும் துளை எல்லாம் பார்த்து, மின்விசிறிக்குக் கீழே காய விடுங்கள். பில்டர்களை ஓடும் தண்ணீரில் கழுவலாம். படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், ஆனால் அன்றிரவே தேர்ந்தெடுக்காதீர்கள், பெரிய அலைகள் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரம் கழித்துத் திறந்து பாருங்கள். என்னிடம் இருக்கும் நல்ல படங்களில் பாதி, இடுப்பளவுகூட உயராத அலைகள்.